இன்ஸ்டாவில் லைக் குவியுது, ஆர்டர் மட்டும் வரலை: காரைக்குடி பலகாரக் கடைக்கு என்ன வழி?

பலகாரப்பெட்டி (காரைக்குடி) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். சின்னப் பலகாரக் கடை. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை; முகூர்த்த மாதங்களில் சீர் பலகாரம். அடுப்படியில் ஐந்து பேர். இப்போதைய நிலவரம் இது:

இன்ஸ்டாகிராமில் 4,200 ஃபாலோயர். வாரம் மூணு போஸ்ட்: தட்டில் அடுக்கின பலகாரம், நடுநடுவே பண்டிகை வாழ்த்து. போன மாதம் ஒரு ரீலை 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் (காசு கட்டி விளம்பரமா ஓட்டுறது) பண்ணினதில் 900 லைக், விலை கேட்டவர்கள் 11 பேர், ஆர்டர் ஒண்ணே ஒண்ணு. லைக் போட்டவர்கள் முக்கால்வாசி எந்த ஊர் என்றே தெரியலை. வாட்ஸ்அப் சாதா கணக்குதான். கூகுள் மேப்பில் யாரோ குத்தின இடக்குறி (பின்) ஒன்று கடைக்கு இரண்டு தெரு தள்ளி நிற்குது. இன்ஸ்டாவையும் ஃபேஸ்புக் பேஜையும் டிசைனர் தம்பி ஒருத்தர் மாதச் சம்பளத்துக்குப் பார்த்துக்கிறார்.

தினம் ஒரு மணி நேரம்தான் இதுக்கு ஒதுக்க முடியும். அதை எதில் போடுவது? பூஸ்ட் ஏன் எடுபடலை? படம் எடுக்கத் தனியா கேமரா வாங்கணுமா? ஆவணி முகூர்த்தத்துக்குள் ஏதாவது ஆகுமா?

நகரவாசல்:

அண்ணே, 4,200 என்ற எண்ணை முதலில் மறந்துடுங்க. உங்க சரக்கு வாங்குறவங்க மூணு வகை. உள்ளூர்க்காரங்க; கானாடுகாத்தான், ஆத்தங்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு பார்க்க வந்து ஊருக்குத் திரும்புற வழியில் வாங்குறவங்க; சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊரில் கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்) வைத்திருப்பவங்க. முதல் இரண்டு வகையும் உங்களைத் தேடுறது கூகுள் மேப்பில். மூணாவது வகை வாட்ஸ்அப்பில்தான் முடிவு பண்ணும். இன்ஸ்டா இந்த இரண்டுக்கும் ஆள் அனுப்புற வாசல், அவ்வளவே.

முதல் வேலை கூகுள். யாரோ போட்ட பின்னை அழிக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம், புதுசா இன்னொன்றும் போட வேண்டாம். இரண்டு பதிவு இருந்தால் ரிவ்யூ இரண்டாப் பிரிஞ்சு போகும். அதே பதிவில் "இந்த வணிகத்துக்கு உரிமை கோருக" என்பதை அழுத்துங்க. சரிபார்ப்புக்கு இப்ப பெரும்பாலும் வீடியோதான் கேட்கும். ஒரே மூச்சில், வெட்டாமல் எடுக்கணும்: தெருப்பெயர் பலகை அல்லது பக்கத்துக் கடை, உங்க பெயர்ப்பலகை, ஷட்டரை நீங்களே திறப்பது, உள்ளே அடுப்பு, அச்சு, பில் புத்தகம். ஆள் முகம் தேவையில்லை. பலகை இல்லாமல் பெரிய வீட்டின் பின்கட்டில் தொழில் நடத்துறவங்க இதில்தான் மாட்டுவாங்க. அவங்க உணவுப் பதிவுச் சான்றையும் அடுப்படியையும் சேர்த்துக் காட்டலாம். நேரில் ஆள் வரக்கூடாது என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் ஊர்களை மட்டும் போடலாம்.

சரிபார்ப்பு முடிந்ததும் பின்னைக் கடை வாசலுக்கு இழுத்து வையுங்க. பெயர்ப்பலகையில் என்ன இருக்கோ அதுதான் பெயர். "பெஸ்ட் செட்டிநாடு ஸ்நாக்ஸ் காரைக்குடி" என்று வாலைச் சேர்த்தால் பதிவையே முடக்கிடுவாங்க. மீட்கிறதுக்குள்ள ஒரு முகூர்த்தம் போயிடும். முதன்மை வகை "உணவகம்" என்று கிடந்தால் மாத்துங்க, இல்லையென்றால் "மீல்ஸ் இருக்கா" என்ற ஃபோன்தான் வந்துகொண்டிருக்கும். பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, தீபாவளி மாதிரி நாட்களுக்குச் சிறப்பு நேரம் போடுங்க. கார் எடுத்து வந்தவர் பூட்டின கதவைப் பார்த்தால் ஒற்றை நட்சத்திரம் நிச்சயம்.

ரிவ்யூ கேட்பது தப்பில்லை, அதற்குத் தள்ளுபடி கொடுப்பது விதிமீறல். ரிவ்யூ லிங்கை கியூஆர் ஆக்கிப் பில் அடிக்கும் மேசையில் வையுங்க. "நல்லா எழுதுங்க" என்று கேட்காமல் "எந்தப் பலகாரம் வாங்கினீங்கன்னு ஒரு வரி போடுங்க" என்று கேளுங்க. "மனகோலம் நல்லா இருந்தது" என்று நாலு பேர் எழுதினால், மனகோலம் தேடுறவர் கண்ணில் நீங்க படுவதற்கு வாய்ப்பு கூடும்.

இரண்டாவது வேலை வாட்ஸ்அப் பிசினஸ். இப்ப இருக்கிற எண்ணையே பிசினஸ் கணக்கா மாத்திக்கலாம், பழைய சாட் கூடவே வரும். இருந்தாலும் முதலில் பேக்கப் எடுத்துடுங்க. கேட்டலாக்கில் (பொருள், விலைப் பட்டியல்) 500 பொருள் வரை போடலாம், உங்களுக்கு 15 போதும். இங்கேதான் ஒரு சூட்சுமம். நீங்க கிலோ விலை போடுவீங்க, சீருக்குக் கேட்கிறவங்க எண்ணிக்கையில் கேட்பாங்க: 51 அதிரசம், 101 மாவுருண்டை என்று. கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று தெரியாமலே பாதிப் பேர் நழுவிடுவாங்க. அதனால் ஒவ்வொரு பொருளிலும் நாலு விஷயம் இருக்கட்டும்: அரை கிலோ விலை, அதில் சுமாராக எத்தனை எண்ணிக்கை, எத்தனை நாள் தாங்கும், எத்தனை நாள் முன்னாடி சொல்லணும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் போடுவீங்க என்றால் "கடையில் மட்டும், கூரியர் இல்லை" என்று முதல் வரியிலேயே எழுதிடுங்க.

விரைவுப் பதிலில் குறுக்குச் சொல் அமைக்கலாம். அடுப்படிக் கையோடு தட்டச்சு பண்ண வேண்டியதில்லை. "/சீர்" என்று அடித்தால் இப்படி வரட்டும்:

"வணக்கம். சீர் பலகாரத்துக்கு நாலு விவரம் மட்டும் சொல்லுங்க: 1. முகூர்த்தத் தேதி. 2. எந்த ஊரில் இறக்கணும். 3. பலகாரமும் எண்ணிக்கையும். 4. ஓலைக் கொட்டானிலா, பெட்டியிலா. சொன்னதும் மொத்தத் தொகை அனுப்புறோம். பாதி முன்பணம் வந்த பிறகுதான் தேதி உறுதி."

இதே மாதிரி "/கூரியர்", "/வழி" என்று இன்னும் இரண்டு. லேபிளில் "விலை கேட்டார்", "முன்பணம் வந்தது", "அனுப்பியாச்சு" என்று பிரித்து வையுங்க. "விலை கேட்டார்" லேபிளில் இரண்டு நாளைக்கு மேல் கிடப்பவருக்கு ஒரே ஒரு தடவை "தேதி முடிவாகிடுச்சா?" என்று கேட்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் பிளாக் பண்ணிடுவாங்க.

பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புறது) 256 பேர்தான் சேரும். அதிலும் உங்க எண்ணைத் தன் ஃபோனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். பலர் இது தெரியாமல் "அனுப்பினேன், யாருமே பார்க்கலை" என்பாங்க. பெட்டிக்குள் ஒரு சீட்டு போடுங்க: "புதுப் பலகாரம் போடும் நாள் தெரிய இந்த எண்ணைச் சேமிச்சுக்குங்க". ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு அனுப்பித் தருகிறேன் என்று வருகிற ஆப் பக்கமே போகாதீங்க, எண்ணே தடையாகிடும்.

கொப்புடையாள்தெரு:

மேலே சொன்னது சரி. ஆனால் இன்ஸ்டாவை அவ்வளவு கீழே தள்ள வேண்டாம். தினம் ஒரு ரீல் போட்டால்தான் அல்காரிதம் தூக்கும். ட்ரெண்டிங் சினிமாப் பாட்டு வைத்தால் இன்னும் வேகம்.

வளவுவெளிச்சம்:

கொப்புடையாள்தெரு, இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து. பிசினஸ் கணக்குக்கு சினிமாப் பாட்டு உரிமை கிடையாது. வேறு வழியில் ஒட்டி ஏற்றினால் சத்தத்தை அணைத்துவிடுவாங்க, சில நேரம் ரீலையே எடுத்துடுவாங்க. ஐந்து பேர் வேலை பார்க்கிற கடையில் தினம் ஒரு ரீல் என்றால் பத்தாவது நாள் "இனிய காலை வணக்கம்" படத்தில்தான் போய் நிற்கும். வாரம் இரண்டு போதும், ஆனால் உருப்படியா இருக்கணும்.

பாட்டே வேண்டாம், பலகாரத்துக்குச் சொந்தச் சத்தம் இருக்கு. தேன்குழலுக்கு மூணு ஷாட்: அச்சிலிருந்து எண்ணெயில் மாவு சுற்றி விழுவது 4 விநாடி, சலசலப்பு அடங்கி நுரை குறைவது 4 விநாடி, ஆறினதைக் கையால் ஒடிப்பது 3 விநாடி. ஒடிக்கிறதை முதலில் வையுங்க, பார்க்கிறவர் நிற்பது அந்தச் சத்தத்துக்குத்தான். ஃபேனையும் கிரைண்டரையும் நிறுத்திட்டு ஃபோனை 20 செ.மீ. தூரத்தில் வைத்துப் பிடிக்கணும். எண்ணெய்ச்சட்டிக்கு நேர் மேலே ஃபோனை நீட்டினால் ஆவி படிந்து படம் பனிமூட்டமாகும். பக்கவாட்டில் நின்று இரட்டை ஜூமில் எடுங்க. படம் நின்ற வாக்கில் 9:16. எழுத்தை நடுப்பகுதியில் போடுங்க. கீழே தள்ளினால் விவர வரியும் வலது ஓரப் பட்டன்களும் மறைத்துடும். "அரை கிலோ விலை" அங்கேதான் பெரும்பாலும் புதைந்து கிடக்கும்!

கேமரா வாங்க வேண்டாம். இருக்கிற ஃபோனும் வெளிச்சமும் போதும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தை ஒட்டின வளவு இருக்கே, அதைவிட நல்ல ஸ்டூடியோ காசு கொடுத்தாலும் கிடைக்காது. காலை 8 முதல் 10 வரை, வெயில் நேரா விழாத தூண் நிழலில் தட்டு. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரணும். எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியை இரண்டா மடித்து நிறுத்தினால் நிழல் இளகும். டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் அணைத்துடுங்க. மஞ்சள் விளக்கில் தேன்குழல் கருகினது மாதிரித் தெரியும், "எண்ணெய் பழசா?" என்று கமெண்ட் வரும்.

ஆத்தங்குடித் தரைக்கல் மேல் வைத்து எடுக்கணும் என்று எல்லாருக்கும் ஆசை. பூ வேலைப்பாட்டுக்கு நடுவில் சீப்புச் சீடையை வைத்தால் கண் கல்லுக்குத்தான் போகும், சீடைக்குப் போகாது. போதாக்குறைக்கு கல்லின் பளபளப்பில் வானமே தெரியும். ஒற்றை நிற ஓரக்கல் இருந்தால் அதில் வையுங்க. இல்லையென்றால் பனையோலைக் கொட்டான், வாழை இலை, பழைய மரப்பலகை. பித்தளைத் தட்டில் உங்க சட்டை நிறமே பிரதிபலிக்கும், ஜாக்கிரதை.

இன்னொன்று: கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். படம் முழுக்க வெள்ளைப் பணியாரம் நிறைந்தால் அழுக்கு வெள்ளையாகும். திரையில் தொட்டுப் பிடித்து, சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்க. கவுணி அரிசி நிறைந்தால் தலைகீழ், கருநீலம் வெளிறிடும். குறியைக் கீழே தள்ளுங்க.

படத்துக்கு அடியில் என்ன எழுதுறீங்க என்பதையும் பாருங்க. "பாரம்பரியச் சுவை! விலைக்கு டி.எம். (தனிச் செய்தி) பண்ணவும்" என்பதற்குப் பதிலா: "தேன்குழல், கடலை எண்ணெயில். அரை கிலோ இத்தனை ரூபாய், சுமார் இத்தனை எண்ணிக்கை. செவ்வாய், வெள்ளி போடுவோம். காரைக்குடிக் கடையில் மாலை 4 மணிக்கு மேல். வெளியூருக்கு மறுநாள் கூரியர்." கீழே ஒருமுறை ஆங்கில எழுத்திலும் பலகாரப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதுங்க, தேடுறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் அடிக்கிறாங்க. ஹேஷ்டேக் நாலைந்து போதும். வெறும் "செட்டிநாடு" போட்டால் உலகத்தில் இருக்கிற பிரியாணிக் கடை எல்லாத்தோடும் சேர்ந்து நிற்பீங்க. காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று ஊரைப் போடுங்க, லொக்கேஷன் டேக்கும் அதேதான்.

பலகாரப்பெட்டி:

"விலைக்கு டி.எம்." என்றுதான் இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கே மாத்துறோம். பூஸ்ட் பற்றி யாராவது சொல்லுங்களேன். கூரியர் செலவு கேட்டதும் ஓடிப்போகிறவங்களை என்ன செய்வது?

கணக்கப்பிள்ளை:

தம்பி, பூஸ்ட் பட்டனை அப்படியே அழுத்தினால், குறிக்கோள் ப்ரொஃபைல் பார்வை என்றும் யாருக்குக் காட்டணும் என்பது தானியங்கி என்றும் நின்றிருக்கும். மெட்டா (இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் நிறுவனம்) நீங்க கேட்டதைத்தான் கொடுத்திருக்கு: மலிவாக் கிளிக் பண்ணும் ஆட்களை. அவங்க பலகாரம் வாங்குற ஆட்கள் இல்லை.

முதலில் உங்க கணக்கைப் பார்ப்போம். 3,000 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி 540. ஆகச் செலவு 3,540. அதில் ஆர்டர் ஒன்று. இதே தொகைக்கு 6 ஆர்டர் வந்திருந்தால்கூட ஆர்டருக்கு 590 ரூபாய் விளம்பரச் செலவு. சராசரி ஆர்டர் 1,800, உங்க கையில் நிற்பது 30% என்று வைத்தால் 540. அப்பவும் ஒவ்வொரு ஆர்டருக்கும் 50 ரூபாய் நஷ்டம். அரை கிலோ தேன்குழல் விற்க விளம்பரம் கட்டாது. சீர் பலகாரம், கல்யாண ஆர்டருக்கு மட்டும் விளம்பரம் போடுங்க. ஒரு ஆர்டர் பத்து ஆர்டருக்குச் சமம்.

பூஸ்ட்டை விட்டுட்டு மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் போங்க. குறிக்கோள் ஈடுபாடு, அதில் மெசேஜ், சேருமிடம் வாட்ஸ்அப். ஊர் போடும்போது ஊர்ப் பெயரை அடித்தால் சுற்றளவு 17 கி.மீ.க்குக் கீழே இறங்காது; வரைபடத்தில் பின் போட்டால் 1 கி.மீ. வரை சுருக்கலாம். உங்களுக்கு 17 சரியான அளவுதான். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் உள்ளே வந்துடும். சென்னை முழுக்கப் போடாதீங்க, கடலில் பெருங்காயம் கரைத்த மாதிரி. வெளியூருக்கு வேறு வழி: கடந்த 365 நாளில் உங்க இன்ஸ்டா கணக்கோடு ஏதாவது தொடர்பு வைத்தவர்களைத் தனிப் பட்டியலாக்கி, அவங்களுக்கு மட்டும் காட்டுங்க. சின்னப் பட்டியல், ஆனால் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவங்க.

தினம் 200 ரூபாய்தான் என்றால் ஒரே ஆட் செட் (விளம்பரத் தொகுப்பு). நாலாப் பிரித்து 50, 50 என்று போட்டால் எதுவும் படிந்து வராது. ஒரு செட்டுக்கு வாரத்தில் சுமார் 50 மெசேஜாவது வந்தால்தான் அது ஆளைக் கற்றுக்கொண்டு நிலைக்கு வரும். இரண்டு நாளுக்கொரு தடவை கையை வைத்து மாத்தினால் மறுபடி முதலிலிருந்து கற்க ஆரம்பிக்கும். ஏழு நாள் தொடாதீங்க. இன்னொன்று, இரவு 11 மணிக்கு மெசேஜ் வந்து காலை 10 மணிக்குப் பதில் போனால் அந்தக் காசு வீண். பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் விளம்பரத்தை ஓட்டணும் என்றால் மொத்தத் தொகை பட்ஜெட் முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த நேர அட்டவணை வரும்.

ஆவணி கேட்டீங்க. ஆடியில் கல்யாணம் இல்லை என்று விளம்பரத்தையும் நிறுத்துறாங்க பாருங்க, அதுதான் தப்பு. கல்யாணம் இல்லாத ஆடியில்தான் ஆவணிக்கு ஆள் பேசி முடிக்கிறாங்க. ஆடி பிறந்ததும் ஆரம்பித்து, ஆடிப் பெருக்கு வரை ஓட்டுங்க. ஆவணி முதல் முகூர்த்தம் வந்த பிறகு விளம்பரம் போட்டால், செய்து கொடுக்க அடுப்பும் இருக்காது. தை முகூர்த்தத்துக்கு இதே கணக்கில் மார்கழி.

கூரியர் விஷயம். பலகாரம் எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்காரர் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடையையும் உண்மை எடையையும் பார்த்து, எது கூடவோ அதுக்குக் காசு போடுவார். 30 × 25 × 20 பெட்டி என்றால் 15,000 ÷ 5,000 = 3 கிலோ. உள்ளே தேன்குழல் ஒன்றரைக் கிலோதான் இருக்கும்! அதே ஒன்றரைக் கிலோவுக்கு மாவுருண்டையும் அதிரசமும் கலந்தால் பெட்டி பாதியாகும். அதனால் தேன்குழல், மனகோலம் ஒரு பங்கு, உருண்டை வகை இரண்டு பங்கு என்று "பயணப் பெட்டி" ஒன்று வடிவமைத்து, கூரியரும் சேர்த்து ஒரே விலை போடுங்க. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தனி வரியாக் கூரியர் தெரியாது, ஓடவும் மாட்டார். சீப்புச் சீடையை அடியில் வைக்காதீங்க, தூளாகிடும். அடியில் உருண்டை, நடுவில் அதிரசம் பட்டர் பேப்பரோடு, மேலே சீடை, காலி இடம் துளியும் இல்லாமல் தாள் அடைப்பு.

சீலைக்கடை ஓரம்:

கண்டாங்கிச் சேலை விற்கிறவங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அதனால் ஒரு வரி. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தாச்சு, செட்டிநாடு கொட்டானுக்கு 2013-இல். விசைத்தறிச் சேலையைப் படம் பிடித்து "ஒரிஜினல் கண்டாங்கி" என்று ரீல் போடுறது வெறும் மிகை இல்லை, சட்டச் சிக்கல். கட்டம் போட்ட காட்டன் சேலை என்றே எழுதிட்டுப் போங்க.

உணவுக்காரங்களுக்கு: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் பாக்கெட்டில் இருக்கணும், கேட்டலாக்கிலும் போட்டு வைத்தால் கேட்கிறவருக்கு நம்பிக்கை. பாக்கெட்டில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எது வரை உண்ணலாம், பச்சைப் புள்ளிக் குறி. கவுணி அரிசி "சர்க்கரையைக் குணமாக்கும்" என்று எந்த போஸ்ட்டிலும் எழுதாதீங்க. உணவுக்கு நோய் தீர்க்கும் உரிமைகோரல் விளம்பர விதிப்படி கூடாது. யூடியூப் தம்பிகளுக்குக் காசோ பலகாரமோ கொடுத்து வீடியோ போடச் சொன்னால் அது விளம்பரம் என்று அவங்க தெரியும்படி குறிப்பிடணும்.

நகரவாசல்:

ஒன்று விட்டுப்போச்சு. பேஜை டிசைனர் பார்க்கிறார் என்றீங்களே, முழுக் கட்டுப்பாடு யார் கையில்? ஃபேஸ்புக் பேஜ் அமைப்பில் பேஜ் அணுகல் பகுதியைத் திறந்து பாருங்க. முழுக் கட்டுப்பாட்டில் உங்க பெயர் இருக்கணும், அவருக்குப் பகுதி அணுகல் போதும். விளம்பரக் கணக்கும் உங்க பெயரில், உங்க கார்டில். இன்ஸ்டாவில் பதிவான ஃபோன் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதா என்று சரிபார்த்து, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்க. "காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் கணக்கு போயிடும், இந்த லிங்கை அழுத்தவும்" என்று டி.எம். வந்தால் அது மெட்டா இல்லை.

பலகாரப்பெட்டி:

பார்த்தேன். முழுக் கட்டுப்பாட்டில் டிசைனர் பெயர் மட்டும்தான் இருக்கு, என் பெயரே இல்லை. அவர்கிட்ட கேட்கும்போது மனஸ்தாபம் வராமல் எப்படிக் கேட்கிறது?

கணக்கப்பிள்ளை:

"விளம்பரத்துக்கு என் கார்டு போடணும், அதுக்கு என்னையும் முழுக் கட்டுப்பாட்டில் சேர்த்துடு தம்பி" என்று கேளுங்க. பொய்யும் இல்லை, குத்தலும் இல்லை. அழைப்பு வந்ததும் ஏற்றுக்கொண்டு, கொஞ்ச நாள் விட்டு அவரைப் பகுதி அணுகலுக்கு மாத்துங்க. சேர்ந்த அன்றைக்கே அவரை எடுக்கப் போனால் மெட்டா சில நாள் காத்திருக்கச் சொல்லலாம். இதை முடித்துட்டு ஆட்ஸ் மேனேஜர் பக்கம் வாங்க.